சுண்ணாம்புப் பள்ளத்துக் காலை ஜெபம்

ஜெர்மன் மொழியில் படுக்கைகளுக்குப் ‘பெட்டன்’ என்று பெயர். ஜெபம் செய்வதைப் ‘பேட்டன்’ என்பார்கள். குறில் நெடில் வித்தியாசம்தான். தமிழ்க் காதுக்கு இதெல்லாம் ஒரு சிரமமா என்று நீங்கள் கேட்கலாம். வந்த புதிதில், விடிவதற்கு வெகுநேரம் இருக்கும் ஒரு குளிர்காலக் காலையில், ஜன்னல் கண்ணாடியெல்லாம் மூடுபனி அப்பிக் கிடக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில், வாளியோடு விரைந்து போகிற தலைமைத் தாதி திரும்பிப் பார்க்காமல் கேட்டால் எந்தக் காதும் தடுமாறும். “பெட்டன் முடிந்ததா?” என்றுதான் அவர் கேட்டார். அந்த இரண்டு சொற்களில் எனக்கு அப்போது நெடில் மட்டுமே தெரியும். “முடிந்தது ஷ்வெஸ்டர், என் அறையிலேயே முடித்துவிட்டேன்” என்றேன். அவர் நின்றார். “உன் அறையிலா?” “ஆமாம். இங்கே இருக்கிற நோயாளிகள் எல்லாருக்காகவும்.” அவர் போய்ப் பார்த்தால் வார்டில் ஒரு படுக்கைகூடத் தட்டி விரித்தபாடில்லை. விஷயம் விளங்கியதும் எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு விரிப்பின் முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, “தினமுமா?” என்று கேட்டார். “தினமும்.” “அதற்கு யார் உனக்கு நேரம் கொடுக்கிறார்கள்?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அன்று என்னிடம் ஜெர்மன் சொற்கள் போதவில்லை. இப்போது போதும், ஆனால் அவர் ஓய்வு பெற்று வேறு ஊருக்குப் போய்விட்டார். அதனால் உங்களிடம் தமிழில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. கரிசல் மண். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வெயில் அடித்தால் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுக்கப் போகிறவர்கள். எங்கள் தெருவின் கோடியில் தகரம் வேய்ந்த சின்ன சர்ச் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை அங்கே நான் ரெபேக்கா. பள்ளிக்கூடத்தில் செல்வி, சான்றிதழில் இந்து. தெருவில் பாதிப் பிள்ளைகள் இப்படி இரண்டு பெயரோடுதான் வளர்ந்தோம். ஞானஸ்நானம் வாங்கியவர்கள் என்று தெரிந்தால், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும் விடுதி இடமும் உதவிப் பணமும் போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். வேதத்துக்கு வந்ததால் ஊர் எங்களை வேறு தெருவில் குடிவைத்துவிடவில்லை. அதே தெரு, அதே கிணறு, அதே கூலி. மாறியது நாங்கள் பாடுகிற பாட்டு மட்டும்தான்.

எழுபதுகளின் நடுவில் எனக்கு அரியலூரில் கல்லூரிப் படிப்பும், ரயிலடிக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டுவீட்டில் நடந்த விடுதியில் இடமும் கிடைத்தன. தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அப்பா கொண்டுவந்து விட்டார். விடுதி வாசலுக்குச் சற்று முன்பே, ஒரு புளியமரத்தடியில் பெட்டியை இறக்கி வைத்தார்.

“தாயி, இங்க நீ செல்விதான். சர்ச்சுப் பேச்சே எடுக்காத. யாராச்சும் கேட்டா காதுல வுழாத மாதிரி போயிடு.”

“சரிப்பா.”

“ஆனா ஒரு நாளும் காலையில ஜெபத்த வுட்டுடாத. படிப்பு வரும் போவும். அது வுட்டுப்போச்சுன்னா நீ நீயா இருக்க மாட்ட.”

“யாருக்கும் தெரியாமப் பண்ணணும்னா எங்க வச்சுப்பா பண்றது?”

அவர் ரயிலடிப் பக்கம் பார்த்தார். ஒரு கூட்ஸ் வண்டி வெள்ளைத் தூசியோடு நின்றுகொண்டிருந்தது. “எடம் அவரு காட்டுவாரு” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்.

இடத்தைக் கர்த்தர் சீக்கிரம் காட்டிவிடவில்லை. பாயோடு பாய் ஒட்டிப் படுக்கிற விடுதியில் போர்வைக்குள் உதட்டை அசைத்தால், பக்கத்தில் படுத்தவள் “என்னாடி, காய்ச்சலா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். குளியலறைக்குள் நுழைந்து கண்ணை மூடினால் வெளியே வரிசை கதவை இடிக்கும். கல்லூரியில் மதியம் சாப்பிட்ட பிறகு வேலியோரம் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணை மூடியதும் வெயில் என்னைத் தூக்கத்துக்குள் தள்ளிவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விடுதிக் கூடத்தில் சாமி படங்களுக்குச் சூடம் காட்டுவார்கள். அந்த நேரம் நான் சமையல்கட்டில் மாவு ஆட்டப் போய்விடுவேன். செல்வி நல்ல வேலைக்காரி என்று சமையல் அக்கா மெச்சுவார். ஆட்டுக்கல் சுற்றுகிற சத்தத்துக்குள் இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்வேன். அது ஜெபம் மாதிரி இல்லை. வழியில் பார்த்தவருக்குத் தலையசைத்துவிட்டு ஓடுவது மாதிரி இருந்தது.

கடைசியில் இடத்தைக் காட்டியது எங்கள் விடுதியின் கழிப்பறைதான். அதன் கதவு எங்களுக்கு முந்திய காலத்திலேயே கழன்று போயிருந்தது. அதனால் பெண்கள் எல்லாரும் விடியும் முன் கூட்டமாக, கையில் சொம்போடு, ஊருக்கு வெளியே வேலமரப் புதர்களுக்குப் போவோம். அந்தப் புதர்களுக்கு அப்பால் எப்போதோ கல்லெடுத்துக் கைவிட்ட சுண்ணாம்புப் பள்ளம் ஒன்று இருந்தது. ஒரு நாள் வழி தப்பி அதன் விளிம்பில் போய் நின்றேன். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. ஆனால் பள்ளம் தனக்குள்ளேயே ஒரு வெளிச்சத்தை வைத்திருந்த மாதிரி பால் நிறத்தில் மிதந்தது. இறங்கி ஒரு பாறைமேல் உட்கார்ந்தேன். கையில் ஏதோ நெளிநெளியாகத் தட்டுப்பட்டது. சிப்பி. கல்லோடு கல்லாக இறுகிப்போன சிப்பிகளும் சங்குகளும். எப்போதோ இங்கே கடல் இருந்தது என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். நான் அதைப் பரீட்சைக்காக மட்டும் நம்பியிருந்தேன். அன்று கண்ணை மூடியதும் தண்ணீர் என்னைச் சுற்றி ஏறிக்கொண்டு வருவது போல இருந்தது. பயமாக இல்லை. ஆழத்தின் அடியில் உட்கார்ந்து பேசுகிறவள் போல நான் பேசினேன். எதைப் பேசினேன் என்று நினைவில்லை. எழுந்தபோது பாவாடையெல்லாம் வெள்ளைத் தூசி. கூட்டம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கடைசியில் சேர்ந்துகொண்டேன்.

அதன்பிறகு அந்தச் சிறு நேரம் என்னுடையதாயிற்று. கூட்டம் புதர்களுக்குள் பிரியும். நான் பள்ளத்துக்குள் இறங்குவேன். இடுப்பில் முடிந்து வைத்த பைபிள் சங்கீதங்கள் அடங்கிய சின்னப் புத்தகத்தைக் கண்ணுக்கு எழுத்துத் தெரிகிற வேளையில் பிரித்து, ஒரே ஒரு பகுதியை வாசிப்பேன். பனிக்காலத்தில் எழுத்துத் தெரியாது, நினைவிலிருந்து சொல்வேன். தூரத்தில் கூட்ஸ் வண்டி கூவும்போது அது ஏதோ ஒரு கப்பல் என்று தோன்றும். பிறகு அன்றைக்குப் பூராவும் வகுப்பில் கேட்பதெல்லாம் தண்ணீருக்கு மேலிருந்து வருகிற குரல் மாதிரி இருக்கும். என் வாழ்க்கையில் நான் மிகவும் பயந்திருந்த காலம் அது. மிகவும் அமைதியாக இருந்த காலமும் அதுதான்.

என் பக்கத்துப் பாய் அஞ்சலைக்கு. ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காட்டுப் பெண். விரல் நுனிகளில் முந்திரிப்பால் பட்டுத் தோல் உரிந்த தழும்புகள் இருக்கும். சிறுவாச்சூர் காளியிடம் வேண்டிக்கொண்டுதான் பள்ளியிறுதித் தேர்வில் தேறியதாக உறுதியாக நம்புகிறவள். ஒரு நாள் பள்ளத்திலிருந்து ஏறி வந்தால், மேலே சொம்பைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“எவனப் பாக்கப் போற?”

“எவனும் இல்ல.”

“பொய் சொல்லாத. தெனம் கடைசியா வர. மொகத்துல ஒரு சிரிப்பு வேற. சிமெண்டு ஆபீஸ்காரனா?”

  இடுப்பிலிருந்த புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அவள் அதை வாங்கவில்லை, விலகவும் இல்லை.

“அட, வேதக்காரியா நீ?”

“வார்டன்கிட்ட சொல்லிடுவியா?”

“சொன்னா ஒன் பாய் காலியாவும். அங்க எவளாச்சும் வந்து குறட்ட வுடுவா. எனக்கென்ன தலையெழுத்தா?” எழுந்து சொம்பை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “பரீட்சைக்கு எனக்கும் சேத்து ஒரு வார்த்த கேளு. காளிகிட்ட நான் ஒனக்கும் சேத்துக் கேக்குறேன். எது பலிக்குதுன்னு பாப்போம்” என்றாள்.

அன்றிலிருந்து பள்ளத்தின் மேல் அஞ்சலை காவல் இருந்தாள். யாராவது இந்தப் பக்கம் வந்தால் உரக்கப் பாடுவாள். நன்றாகப் பாட வராது. அந்தக் குரலைக் கேட்டே வருகிறவர்கள் திரும்பிவிடுவார்கள். இரண்டாம் வருடம் முடியும்வரை அப்படியே போயிற்று.

பிறகு யாரோ மேலே ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டார்கள். யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. விடுதியில் வேதக்காரப் பெண்கள் இருக்கிறார்களா என்று விசாரித்துச் சொல்லும்படி வார்டன் அம்மாவுக்கு உத்தரவு. அவர் நல்ல மனுஷி. காய்ச்சல் வந்த பெண்ணுக்குத் தன் வீட்டிலிருந்து ரசம் கொண்டுவந்து ஊட்டுகிறவர். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். என் முறை வந்தபோது கேள்வியைக் கேட்பதற்கு முன்பே பதிலைச் சொல்லிக் கொடுத்தார்.

“செல்வி, ஒண்ணு கேப்பேன். இல்லன்னு சொல்லிடு. அவ்வளவுதான். மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

நான் நின்றேன்.

“நீ வேதத்துல சேந்த பொண்ணா?”

இல்லை என்பது எவ்வளவு சின்னச் சொல். அப்பா புளியமரத்தடியில் சொல்லி அனுப்பியதும் அதுதான். ஆனால் காலையில் பட்ட வெள்ளைத் தூசி இன்னும் என் பாவாடை ஓரத்தில் இருந்தது. “காலையில ஒக்காந்து அவருகிட்ட அவ்வளவு பேசிட்டு, சாயங்காலம் அவர யாருன்னே தெரியாதுன்னு எப்படிங்கம்மா சொல்றது?” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.  “அசடு” என்றார் வார்டன் அம்மா. அதில் கோபம் இல்லை. “பரீட்சை முடியறவரைக்கும் நான் எதையும் எழுத மாட்டேன். முடிஞ்சதும் அப்பாவ வரச் சொல்லு.”

அப்பா வந்தார். அதே தகரப் பெட்டியைத் தலையில் ஏற்றினார். பஸ் நிறுத்தத்தில் அதை இறக்கி வைத்தார். “இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல தாயி” என்றார். “நீயா இருந்தா சொல்லியிருப்பியாப்பா?” என்று கேட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வையா என்று நான் பார்க்கவில்லை. உதவிப் பணமும் நின்றது. அந்த வருடம் அம்மாவும் அப்பாவும் பருத்தி முடிந்த கையோடு கரும்பு வெட்டப் போனார்கள். மூன்றாம் வருடப் படிப்பை அவர்களுடைய கைகள்தான் முடித்துவைத்தன.

ஊரிலிருந்தே கல்லூரிக்குப் போய்வந்தேன். இனி மறைக்க ஒன்றுமில்லை. வீட்டில் உரக்கவே ஜெபிக்கலாம். விசித்திரம் என்னவென்றால் நேரம்தான் இல்லாமல் போயிற்று. கோழி கூவுமுன் எழுந்து தண்ணீர் எடுத்து, கூழ் காய்ச்சி வைத்து, தார்ச்சாலைக்கு நடந்து முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பயந்து திருடிய நேரம் கையில் இருந்தது. பயமில்லாமல் கிடைக்க வேண்டிய நேரம் விரலிடுக்கில் வழிந்தது. வேறு வழியில்லாமல் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி, மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே, கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கப் பழகினேன். கண்டக்டர் ஒரு நாள், “என்னம்மா, டிக்கெட்டு கேட்டா வாயிலயே மொணங்குற, பரீட்சையா?” என்றார். “ஆமாங்க” என்றேன். “நல்லாப் படிம்மா” என்று சொல்லி, இறங்கிய ஒருவரின் இடத்தை எனக்குக் காட்டினார்.

பட்டம் வாங்கிய பிறகு, தாதிப் படிப்புக்கு ஜெர்மனியில் பெண்கள் வேண்டும் என்று திருச்சியில் சபைச் சகோதரிகள் சொல்லி, அந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தேன். மறுபடியும் மாணவி, மறுபடியும் விடுதி. ஆனால் இங்கே எனக்கு ஒரு தனி அறை. கதவு இருந்தது; கதவுக்குச் சாவி இருந்தது. என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கதவை உள்ளிருந்து பூட்டினேன். மேஜை, விளக்கு, ஜன்னலுக்கு வெளியே பனியில் அழிந்துபோகிற ஒரு நதி. யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்படியொரு அறையில் ஜெபம் தானாகப் பொங்கிவரும் என்று நினைத்திருந்தேன். கட்டிலோரம் உட்கார்ந்தால் சுவரில் வெப்பக் குழாய் மெல்ல முனகும். நான் பாதி வார்த்தையில் தூங்கிப்போவேன். பல மாதங்கள் கழித்துத்தான், வார்த்தை வராவிட்டாலும் உட்கார்ந்திருப்பதே போதும் என்று என் மனம் ஒப்புக்கொண்டது.

அந்த நாட்களில் எதிரறை இங்க்ரிட், காலையில் யாருடன் பேசுகிறாய் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த சொல்லை வைத்து, “அப்பாவோடு” என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. சாயங்காலம் கிண்ணத்தில் சூப் கொண்டுவந்தாள். மறுநாள் விடுதித் தலைவி என் தோளைத் தடவி, அவர் எப்போது காலமானார் என்று கேட்டார். என் அப்பா அந்நேரம் எங்கள் ஊரில் கரும்புக்கட்டு சுமந்துகொண்டு நல்ல சுகத்தோடு இருந்தார். நான் சொன்ன அப்பா கடவுள் என்று விளக்கிய பிறகு இங்க்ரிட் இன்னும் குழம்பிப்போனாள். “அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே?” என்றாள். சூப் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

போன வருடம், இங்கே வந்து பத்து வருடம் கழித்து, ஊருக்குப் போயிருந்தேன். ஆண்டிமடம் போய் அஞ்சலையைத் தேடிப் பிடித்தேன். பள்ளிக்கூட டீச்சர், இரண்டு பெண் குழந்தைகள். முந்திரி மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காரவைத்தாள். பேச்சு எங்கெங்கோ சுற்றியது. திடீரென்று, “ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது” என்றாள்.

“சொல்லு.”

“நீ போனப்பறம் அந்தப் பள்ளத்துல நான் எறங்கி ஒக்காந்தேன். ஒன் எடம் சும்மாக் கெடக்குதேன்னு. மொதல்ல ஒரு நாளு, அப்பறம் அதே பழக்கமாயிடுச்சு.”

“என்ன வேண்டிக்குவ?”

“ஒண்ணும் இல்லடி. எனக்கு ஒங்க பாட்டா தெரியும்? சும்மா ஒக்காருவேன். செவ்வா வெள்ளி காளிக்கு வௌக்குப் போடுறேன், அது வேற. இது சும்மா ஒக்காரறது. இப்பவும் புள்ளைங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி கொல்லையில போய் ஒக்காந்துக்குவேன். வூட்டுக்காரரு மொதல்ல திட்டுனாரு. இப்ப அவரே காப்பி போட்டு வச்சிடுறாரு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய தழும்பு விரல்களைப் பிடித்துக்கொண்டேன். காற்றில் முந்திரிப் பழத்தின் புளித்த வாசனை வந்துகொண்டிருந்தது. எனக்காகக் காவல் இருந்தவள் என்று அவளை நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். எனக்கு இங்கே பூட்டிய அறையில் தூக்கம் வந்த காலைகளிலெல்லாம், அங்கே எங்கள் இருவருக்குமாக அவள் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அந்த ஞாயிறு எங்கள் சர்ச்சுக்குப் போனேன். தகரத்துக்குப் பதில் ஓடு போட்டிருந்தார்கள். சபைப் போதகரான ஐயர் “ஜெபிப்போம்” என்றதும் நான் எழுந்து நின்று, கைகளைக் கோத்துத் தலை குனிந்தேன். ஜெர்மனியில் அப்படித்தான். ஜெபத்துக்குச் சபை எழுந்து நிற்கும். கண்ணைத் திறந்து பார்த்தால் கோயில் முழுவதும் முழங்காலில் இருந்தது. சாணம் மெழுகிய தரையில் அப்பாவின் முதுகும் அம்மாவின் முக்காடும் எனக்குக் கீழே எங்கோ தூரத்தில் தெரிந்தன. நான் மட்டும் மரம் போல நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் தன் தாயிடம், “ஏம்மா அந்த அக்கா கெளம்பிட்டாங்க?” என்று கேட்டது காதில் விழுந்தது.

திரும்பி வந்த வாரம், இங்கே நதிக்கரைத் தேவாலயத்தில், உயர்ந்த ஜன்னல்கள் வழியே மங்கலான வெயில் மிதந்துகொண்டிருந்தது. போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். என்னை அறியாமல் என் முழங்கால்கள் மடங்கின. சுற்றிலும் கோட்டுகளின் சலசலப்போடு எல்லாரும் எழுந்துகொண்டிருக்க, நான் இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தேன். பாதியில் நினைவு வந்தது. எழவும் இல்லை, முழுவதும் இறங்கவும் இல்லை. முன் பெஞ்சின் மரத்தைப் பற்றியபடி அப்படியே நின்றேன். பக்கத்திலிருந்த முதியவர் நான் மயங்கி விழுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். குனிந்து என் முழங்கையைத் தாங்கிப் பிடித்து, “உடம்புக்கு என்ன?” என்று ரகசியமாகக் கேட்டார். “ஒன்றுமில்லை” என்றேன். அது தமிழில் வந்துவிட்டது. அவர் புரிந்தவர் போலத் தலையசைத்தார், கையை எடுக்கவில்லை. ஜெபம் முடிகிறவரை அவர் என்னைத் தாங்கிக்கொண்டும், நான் பாதி மடங்கிய காலோடும் இருந்தோம்.